நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

கோடையின் தொடக்கத்தில் கதவணையை முழுக்கத் திறந்து ஆற்றை வடித்தார்கள். மேலே மண்தடுப்பு போட்டு, வருகிற கொஞ்சத் தண்ணீரையும் பெரிய குழாய்களில் திருப்பிவிட்டார்கள். பாலத்துக்கும் கதவணைக்கும் நடுவில் மிஞ்சியது கறுத்த சேறு. கம்பி ஆலையும் சாயப் பட்டறையும் சோப்புத் தொழிற்சாலையும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டதெல்லாம் அதில் படிந்து கிடந்தது. அதை அள்ளினால்தான் கரையில் நடைபாதை போட முடியும், படகு விட முடியும் என்று நகராட்சி சொன்னது.

ஊரில் பாதிப் பேர் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சேற்றிலிருந்து சைக்கிள்கள் வந்தன, இரும்புக் கட்டில் வந்தது, கதவு பிளந்த ஒரு இரும்புப் பெட்டி வந்தது.

"பெட்டிய உடைச்சிட்டுப் போட்டானா, போட்டுட்டு உடைச்சானா?" என்று ஒருவர் கேட்டார்.

"போட்டவன் நீ. எங்களைக் கேட்டா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பாலத்தின் நடுவில் நின்றால் நகரம் முழுவதும் தெரியும். கிழக்குக் கரையில் கம்பி ஆலை. அதன் நீளக் கூரையில் பாதியைப் பிரித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். மீதியில் அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. சோப்புத் தொழிற்சாலை இப்போது கல்லூரி. சாயப் பட்டறையின் புகைபோக்கியை மட்டும் இடிக்கவில்லை, அதன் உச்சியில் செல்போன் கம்பெனிகள் பெட்டிகளைக் கட்டியிருக்கின்றன. மேற்குக் கரையில், வெள்ளம் வந்தால் முதலில் நனைகிற தாழ்வான தெருக்களில், ஆலைக்காரர்களின் வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. குடித்துவிட்டு வருகிறவன் அடுத்த வீட்டுக்குள் போய்விடக் கூடாதென்று கதவுக்கு மட்டும் ஆளுக்கொரு நிறம் அடித்தார்கள். இப்போது பல கதவுகளில் பூட்டு தொங்குகிறது.

ஆலை ஓடிய காலத்தில் ஆறு துருவின் நிறத்தில் ஓடியது. கம்பியை இழுப்பதற்கு முன் அமிலத் தொட்டியில் முக்கித் துரு நீக்குவார்கள். தொட்டித் தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போகும். ஆலை மூடிச் சில வருஷங்களில் தண்ணீர் தெளிந்தது. மீன்கூட வந்தது. "நாம சாப்பிட்டப்ப மீனு பட்டினி, இப்ப மீனு சாப்பிடுது" என்பது அந்தத் தெருக்களில் எல்லாரும் சொல்லிச் சலித்த கிண்டல்.

சேற்றைச் சல்லடையில் அலசியவர்களுக்குப் பாலத்தின் அடியில் பித்தளை டோக்கன்கள் கிடைத்தன. வட்டமான தகடு, மேலே ஒரு துளை, நடுவில் ஒரு எண். ஒன்றிரண்டு அல்ல, கூடை கூடையாக வந்தன.

அவை எப்படி அங்கே வந்தன என்பது ஊருக்கே தெரியும். ஆலை வாசலில் கொக்கிகள் வரிசையாக அடித்த ஒரு பலகை இருந்தது. உள்ளே போகிறவன் தன் டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வேலை செய்யும் இடத்தில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது திரும்பப் பலகையில் மாட்ட வேண்டும். கொக்கியில் டோக்கன் தொங்கினால் ஆள் வெளியே, வெறும் கொக்கியென்றால் ஆள் உள்ளே. மறந்துபோய்ச் சட்டைப் பையில் வீட்டுக்குக் கொண்டுபோனால் அபராதம். ஆலையின் கடைசி நாளில், டோக்கனையெல்லாம் வாசலில் விட்டுப் போகும்படி மேனேஜர் சொன்னார்; பித்தளை, எடைக்குப் போகும். யாரோ ஒருவன் தன்னுடையதை விடாமல் கையில் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தான். பின்னால் எல்லாரும் நடந்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அன்றைக்கு யாரும் அளக்கவில்லை.

நகராட்சி டோக்கன்களைக் கழுவி, கரையில் ஒரு கூடாரத்தில் மேசை போட்டுப் பரப்பியது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றது. நரைத்த தலைகள் மேசையைச் சூழ்ந்தன.

"தூக்கிப் போடுறப்ப என்ன வீரம் பேசின? இப்ப வரிசையில நிக்கிற."

"நான் எங்கடா போட்டேன்? நீ தள்ளின தள்ளுல கை தவறி விழுந்துச்சு."

கிரேன்காரர் அந்தக் கூட்டத்தில் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். ஆலையில் கூரைக்குக் கீழே ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்து முப்பது வருஷம் கம்பிச் சுருள்களைத் தூக்கி இறக்கியவர். காது முக்கால்வாசி போய்விட்டது. அதனால் யாரிடம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். அவர் தன் டோக்கனைத் தேடி வரவில்லை. நானூற்றுப் பதினேழைத் தேடி வந்தார். யார் கண்ணிலும் படுவதற்கு முன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள நினைத்திருந்தார்.

ஆனால் அவருக்கு முன்பே தையல்காரி வந்திருந்தாள். மேசையின் ஓரத்தில் நின்றிருந்தாள். உள்ளங்கையில் டோக்கன்.

"அண்ணே, அவரோடது" என்றாள். "பாருங்க, அவரோடது."

அவர் பார்த்தார். நானூற்றுப் பதினேழுதான்.

தையல்காரியின் கணவனை ஆலையில் நெட்டை என்பார்கள். அமிலத் தொட்டியில் வேலை. கிரேன்காரருக்கு அவனைவிட நெருங்கிய கூட்டாளி கிடையாது. ஆலை மூடப்போகிறது என்ற பேச்சு பரவிய வாரம், ஒரு விடுமுறை நாள் சாயங்காலம், "பாலம் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. ஆற்றில் தேடினார்கள், ஆள் கிடைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் பஸ் நிலையம். விழுந்துவிட்டான் என்று ஒரு பாதி ஊரும், பஸ் ஏறிவிட்டான் என்று மறு பாதி ஊரும் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு மாதம் கழித்து ஆலை மூடியபோது எல்லாருக்கும் சொந்தக் கவலை வந்து, நெட்டையை மறந்தார்கள்.

அவள் மறக்கவில்லை. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். முதலில் ஆலைக்காரர்களின் கால்சட்டைகளுக்கு ஒட்டுப் போட்டாள். பிறகு மூடிய ஆலையைக் காவல் காக்க வந்தவர்களுக்குச் சீருடை. அப்புறம் கல்லூரி விடுதியின் திரைச்சீலைகள், ஹோட்டல் சிப்பந்திகளின் மேல்சட்டைகள். நகரம் என்ன வேலைக்குப் போகிறதோ அதற்கான துணி அவள் மடியில் முதலில் வந்து விழும். மகளைப் படிக்கவைத்தாள். மகள் வேறொரு நகரத்தில் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள், அம்மாவை அழைத்தாள். அம்மா போகவில்லை. வெள்ளத் தாழ்வு என்று நகராட்சி அந்தத் தெருவையே விலைக்குக் கேட்டபோது மற்றவர்கள் கொடுத்தார்கள், அவள் கொடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று வெளியே சொன்னாள். கிரேன்காரரிடம் ஒரே ஒரு தடவை, "வந்தா வேற எங்கண்ணே வருவார்?" என்று சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைசி நாள்ல எல்லாரும் அவங்கவங்களோடதைத்தானே போட்டாங்க? அன்னைக்கு இவர் ஏது? அப்ப இது இவர்கூடத்தான் போயிருக்கு. மாட்ட மறந்து பையில போட்டுக்கிட்டு வந்துருவார்ணே. துவைக்கிறப்ப எத்தனை தடவை எடுத்து வெச்சிருக்கேன். அன்னைக்கும் பையில இருந்திருக்கு."

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். ஆலைக்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். யாரும் அடுத்தவன் டோக்கனைத் தொட மாட்டார்கள். அது அடுத்தவன் செருப்பில் கால் நுழைப்பது மாதிரி.

"ஓடலண்ணே" என்றாள். "ஓடவே இல்ல." சொல்லிவிட்டு, இத்தனை வருஷம் யார் முன்னாலும் அழாதவள் கூடாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கிரேன்காரர் மேசையிலிருந்து பின்னால் நகர்ந்தார்.

கடைசி நாளில் கிரேன் கூண்டிலிருந்து ஏணி வழியாக இறங்க அவருக்கு நேரமாகிவிட்டது. வாசலுக்கு வந்தபோது மற்றவர்கள் பாலத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். பலகை முழுக்க வெறும் கொக்கி. அவருடைய கொக்கியும் வெறுமையாகத்தான் இருந்தது, டோக்கன் அவர் கையில் இருந்தது. ஒரே ஒரு டோக்கன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மூடப்போகிற ஆலையில் காணாமல் போனவனின் எண்ணை வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அதை அங்கேயே விட்டுவர மனம் வரவில்லை. அவனும்தானே தொட்டிப் புகையில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான். அவன் எண் மட்டும் எதற்கு எடைக்குப் போக வேண்டும்? எடுத்துக்கொண்டு போனார். பாலத்தில் கூட்டம் கலைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஆற்றில் போட்டார். நண்பனுக்குச் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றைச் செய்ததுபோல் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. உன் புருஷனுடைய எண்ணை ஆற்றில் போட்டுவிட்டேன் என்றால், அவன் செத்துவிட்டான் என்று தானே தீர்ப்புச் சொன்னதாக ஆகுமே என்று தோன்றியது. பிறகு சொல்வதற்கு அவசியமும் வரவில்லை.

மறுநாளே மகள் வந்துவிட்டாள். கிரேன்காரர் போனபோது தையல் மேசையின் மேல், வெட்டிய துணிகளுக்கு நடுவில் டோக்கன் இருந்தது. மகள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். நெட்டை காணாமல் போனபோது அவளுக்கு நான்கு வயது.

"படிக்கிறப்ப அப்பா எங்கேன்னு கேட்டா செத்துட்டார்னு சொல்வேன் மாமா" என்றாள். "மனசுக்குள்ள ஓடிப்போன ஆளுன்னு திட்டுவேன். அவர் போட்டோவைக்கூட நான் பாக்க மாட்டேன்னு அம்மா உள்ள வெச்சிட்டாங்க. இப்ப பாத்தா வாயில சொன்ன பொய்தான் நிஜமாயிருக்கு. பாவம் மாமா, அவர். நாங்க பக்கத்துலயே இருந்திருக்கோம்."

பழைய புகைப்படம் வெளியே வந்திருந்தது. மகள் அதைக் கையில் எடுத்து, "என் நெத்தி அவரோடதுதானா?" என்று கேட்டாள்.

"நெத்தி மட்டுமா? உயரத்துக்கு எங்க போன?" என்று கிரேன்காரர் கத்தினார். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து போனார்.

தையல்காரி வீட்டைக் கொடுத்துவிடச் சம்மதித்தாள். ஆனால் போவதற்கு முன் ஆற்றிலிருந்து கணவனை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றாள். சேறு அள்ளும் வேலையின் பொறியாளர் ஒரு இளம்பெண். தண்ணீர் திருப்பிவிட நாள் குறித்தாகிவிட்டது என்று முதலில் சொன்னாள். பிறகு தையல்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, டோக்கன் கிடைத்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நாலு ஆட்களை அங்கேயே விட்டாள். அவர்கள் முழங்கால் சேற்றில் குனிந்து கையால் துழாவினார்கள்.

தையல்காரி காலையில் குடையோடு கரைக்கு வந்துவிடுவாள். ஆட்கள் எதைத் தூக்கினாலும் எழுந்து நிற்பாள். ஒரு நாள் செருப்பின் அடிப்பாகம் வந்தது, ஒரு நாள் ஏதோ மிருகத்தின் தாடை. ஒவ்வொன்றையும் கழுவி அவளிடம் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டி மறுத்தாள். முதல் சில நாட்கள் அவள் முகத்தில் ஒரு அமைதி இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. சாப்பாடு குறைந்தது. தைக்க வாங்கிய துணிகளைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணே, அமிலத் தண்ணியில எலும்பு கரையுமா?" என்று கிரேன்காரரைக் கேட்டாள். "நீங்க பாத்திருப்பீங்களே. இரும்பே கரையுதே. ஒரு பல்லுகூடவா மிஞ்சாது?"

அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் மனைவி, "அந்தப் பொண்ணு தேடுறது கிடைக்கிற வரைக்கும் நீங்களும் பட்டினியா?" என்று கேட்டாள். அந்த டோக்கனை நம்பித் தேடுவதில் அர்த்தமில்லை என்பது இந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு மெதுவாகப் பேச வராது. கூடாரத்தில் வைத்துச் சொன்னால் ஊருக்கே கேட்கும், அவள் வீட்டில் சொன்னால் மகளுக்குக் கேட்கும். கரையில் ஊற்றுநீரை இறைக்கும் டீசல் பம்ப் ஒன்று நாள் முழுக்க அலறிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று யார் என்ன கத்தினாலும் இரண்டடி தள்ளிக் கேட்காது. அவளை அங்கே கூட்டிப்போனார்.

"தங்கச்சி, அந்த டோக்கனை ஆத்துல போட்டது நான்தான்."

அவள் அவர் வாயைப் பார்த்தாள், பிறகு அவர் காதருகே வந்து கேட்டாள்: "அவர் பையில இருந்தா எடுத்தீங்க?"

"ஐயோ, இல்லம்மா! பலகையில இருந்து. கடைசி நாள், அது மட்டும் தொங்கிட்டிருந்துச்சு. விட்டுட்டு வர மனசு கேக்கல. என்னோடதோட சேத்துப் போட்டுட்டேன்."

"அப்ப அது அவர்கூடப் போகல."

"போகல."

"கொக்கியிலயேதான் இருந்துச்சு."

"ஆமா."

பம்ப் இறைத்த தண்ணீர் குழாயின் வாயிலிருந்து கறுப்பாகக் கொட்டியது. அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள். கயிற்றுக்குள் ஆட்கள் குனிந்து துழாவிக்கொண்டே இருந்தார்கள்.

"இத்தனை வருஷம் ஆத்துல ஒரு காலும் சேத்துல ஒரு காலுமா நின்னேன்" என்றாள். "இப்பதான் ரெண்டையும் எடுத்து வெளிய வெச்சேன். பிடிச்சு மறுபடி உள்ள இழுத்துட்டீங்க."

"இருக்கான்னே தெரியாததைத் தேடிக்கிட்டு நீ இப்படி நிக்கிறதை என்னால பாக்க முடியல."

"பாக்க முடியலன்னா வீட்டுல இருந்திருக்க வேண்டியதுதானே. உங்களை யாரு தினம் வரச் சொன்னா?"

அவள் அவரிடம் அதற்கு முன் அப்படிப் பேசியதில்லை. பிறகு அவளே, "பஸ் ஏறியும் இருக்கலாம்" என்றாள். கேள்வியா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல."

"விழுந்தும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"எம் மகளுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"எனக்கே கடைசியாவும் இருக்கட்டும்."

மகள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கரையில் இறங்கி வருவது தெரிந்தது. ஒரு கையில் பாத்திரம், மற்றொரு கையில் சாமந்தியும் ரோஜாவும் கலந்த ஒரு கொத்து. அப்பா கிடைக்கும்போது வெறுங்கையோடு இருக்கக் கூடாதென்று அவள் தினமும் வாங்கி வருவாள். தையல்காரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் வருவதற்குள் பொறியாளரிடம் நடந்தாள்.

"போதும்மா. ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க. தண்ணிய விட்டுருங்க."

பொறியாளர் இன்னும் இரண்டு நாள் தேடலாம் என்றாள். மகளும் ஓடிவந்து, "ஏம்மா? கிடைப்பார்மா. இத்தனை நாள் இருந்துட்டு இப்ப ஏன்?" என்று கையைப் பிடித்தாள்.

"கிடைச்சு என்ன செய்யப்போறோம்? இருந்த இடம் தெரிஞ்சுபோச்சு, அது போதும். அந்தப் பிள்ளைங்க கை காலெல்லாம் புண்ணாக் கிடக்கு பாரு."

மகள் அழுதுகொண்டே பூக்களைச் சேற்றில் போட்டாள். தையல்காரி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தையல்காரி திரும்பித் தன்னைப் பார்ப்பாள் என்று கிரேன்காரர் எதிர்பார்த்தார். பார்க்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்த அன்று பாலத்தில் கைதட்டினார்கள். சேற்றின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து, சாயங்காலத்துக்குள் தண்ணீரில் வானம் தெரிகிற அளவுக்கு ஆறு பரவிவிட்டது. தையல்காரி பார்க்க வரவில்லை. வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்த நாளில் கிரேன்காரர்தான் தையல் மெஷினைத் தூக்கி ஏற்றிக் கயிறு கட்டினார். வீட்டுக்குள் மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. அவள் போகாமல் இருந்திருக்கலாம், வீட்டைத் தரமாட்டேன் என்று மறுபடி சொல்லியிருக்கலாம் என்று அவர் நினைத்தார். சொன்னால் மகள் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல நேர்ந்தால், புகைப்படம் மறுபடி உள்ளே போய்விடும்.

மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சங்கிலியில் கோத்த டோக்கன் அவள் கழுத்தில் கிடந்தது. தாய் கதவைப் பூட்டிச் சாவியை நகராட்சி ஆளிடம் கொடுத்தாள். அவன் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிரேன்காரரின் வீடு மேட்டுத் தெருவில். அந்தத் தெருவை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அவள் அவர் அருகில் வந்து, காதுக்குப் பக்கத்தில் உரக்கச் சொன்னாள்:

"அண்ணே, யாராவது வந்து என்னைக் கேட்டா, மக வீட்டு விலாசத்தைக் குடுங்க."

மகள் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "யாரும்மா வந்து கேக்கப்போறாங்க?"

"தைக்கக் குடுத்துட்டு வாங்காமப் போனவங்க இருப்பாங்கல்ல."

"எல்லாத்தையும்தான் திருப்பிக் குடுத்துட்டியே."

"ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்."

"குடுக்குறேன் தங்கச்சி" என்றார் கிரேன்காரர். "எப்ப வந்தாலும் குடுக்குறேன்."

அவள் தலையசைத்துவிட்டு ஏறினாள். வண்டி தெருமுனையில் திரும்பிப் பாலத்தில் ஏறுவதைப் பார்த்தபடி அவர் அந்த வாசலிலேயே நின்றார். கதவைக் கழற்ற வந்த ஆட்கள், அவர் நகரட்டும் என்று காத்திருந்தார்கள்.